மேட்டுச் சிலுவைக்குக் கல் உப்பு

இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்வரை என் போன் பிரான்சில் இருக்கிறது. எழுந்து நாலு எட்டு வைத்துச் சிலுவையிடம் போனால் டிங் என்று ஒரு சத்தம், ஜெர்மனி உங்களை வரவேற்கிறது என்று ஒரு செய்தி. திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி டிங், பிரான்சு கூப்பிட்டுக்கொள்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த மேட்டுக்காகப் பீரங்கி வைத்துப் போட்ட சண்டையை இப்போது உன் போனை வைத்துப் போடுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். எனக்குக் கவலை அந்த இரண்டு டிங்குக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச நேரம்தான், அப்போது போன் எந்த நாட்டிலும் கிடையாது, அந்த நேரம் பார்த்து தெனி கூப்பிட்டுவிட்டால்? அதனால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் முதுகில் இதமாக விழுகிறது. ஏப்ரல் முடிகிற சமயம், கீழே வயலெல்லாம் மஞ்சள், நம்ம ஊர்க் கடுகுச் செடியின் பெரியக்கா மாதிரி ஒரு செடி, அதைப் பிழிந்து எண்ணெய் எடுப்பார்களாம். மஞ்சளைத் தாண்டி ஆறு, ஆற்றைத் தாண்டி ஜெர்மன் ஊர், ஊர் நடுவே அந்த வெள்ளைக் கட்டடம். ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் என் மருமகள் ஸ்வென்யா நேற்று ராத்திரியிலிருந்து வலியில் கிடக்கிறாள். பக்கத்தில் என் பிள்ளை தெனி. கதவுக்கு வெளியே அவள் அம்மா ரெனாத்தெ, கையில் ஏதோ பின்னிக்கொண்டு. அந்த அம்மாவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, பார்த்தால் சிரித்துக்கொள்வோம், கையைப் பிடித்துக்கொள்வோம், அவள் கேக் கொடுப்பாள், நான் முறுக்கு கொடுப்பேன், சம்பந்தி உறவு இதைவிட நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. காலையில் நானும் அங்கேதான் இருந்தேன். குழந்தையின் துடிப்பு கொஞ்சம் இறங்கி இறங்கி ஏறுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நர்ஸ் வந்து தெனியிடம் சொல்ல, அவன் என்னிடம் தமிழில் சொல்ல, அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "பெலி, நீ இப்படியே நடந்துகினு இருந்தா அவங்க தரை தேஞ்சிபூடும்," என்றார் இவர், கஸ்பார், முப்பது வருஷம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தும் புதுச்சேரி முத்தியால்பேட்டையை வாயிலிருந்து இறக்கி வைக்காதவர். "வா, உன்ன மேட்டுல உட்டுட்டு வர்றேன். எதுனா இருந்தா தெனி போன் பண்ணுவான்." என்னை இங்கே இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டார். எங்கே போனால் எனக்கு மூச்சு வரும் என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டும், தெரியும்.

கோட்டுப் பையில் பொட்டலம் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், நறநற என்று இருக்கிறது. கல் உப்பும் மிளகும். உப்பு இந்த நாட்டுக் கடல் உப்பு, கொஞ்சம் சாம்பல் நிறம். மிளகு பாரீஸ் போனபோது தமிழ்க் கடையில் வாங்கியது. ஊரில் அந்தோணியார் கோயில் கொடிமரத்தடியில், சிலுவையடியில், உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வோம். மழையில் உப்பு கரையும்போது நம்ம கஷ்டமும் கரைந்துவிடும் என்று ஒரு கணக்கு. இந்த ஊர்க் கோயிலில் அதைச் செய்ய முடியுமா? வழவழவென்று கல் தரை, பளபளவென்று மெழுகு, வாரம் ஒருமுறை வரும் சாமியார் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார். தெனி பட்டாளத்தில் சேர்ந்து மாலி நாட்டுக்குப் போன வருஷம், பாலைவனம், கண்ணிவெடி, டிவியில் அவ்வப்போது ஒரு சவப்பெட்டி கொடி போர்த்தி இறங்குகிறது, நான் பைத்தியம் பிடித்த மாதிரி இந்த மேட்டில் நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்தச் சிலுவை கண்ணில் பட்டது. இரும்புச் சிலுவை, என் இடுப்பு உயரம்கூட இல்லை. மேலே அந்தப் பக்கம் பெரிய பெரிய நினைவுத்தூண்கள் இருக்கின்றன, கழுகு வைத்தது ஒன்று, தேவதை வைத்தது ஒன்று, இரண்டு நாட்டாரும் போட்டி போட்டுக் கட்டியவை. இது ஓரத்தில், முள்ளுச் செடிக்குப் பக்கத்தில், தனியாக. ஒரு தகடு, இரண்டு பாஷையிலும் ஒரே வரி. பெயர் தெரியாத ஒரு படைவீரன், ஆகஸ்ட் 1870. பிரெஞ்சுக்காரனா பிரஷ்யாக்காரனா என்றுகூடப் போடவில்லை. உழும்போது எலும்புதான் கிடைத்ததாம், சட்டைப் பொத்தான்கூட மிச்சமில்லையாம். அவன் மேட்டின் மேல் நின்று கீழே சுட்டவனோ, கீழேயிருந்து ஏறி வந்தவனோ, யாருக்குத் தெரியும். ஒரே ஒரு நாள் சண்டை. ஆயிரக்கணக்கில் பையன்கள், இதோ குழந்தைகள் பட்டம் விடுகிற இந்தச் சரிவில். அவன் படுத்த இடத்தை விட்டு அசையவில்லை, நாடு மட்டும் அவன் மேல் மாறி மாறிப் போனது, ஜெர்மனி, பிரான்சு, மறுபடி ஜெர்மனி, மறுபடி பிரான்சு. என் அப்பாவும் முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில்தான் இருந்தார், ஒருநாள் பிரெஞ்சுக் கொடியை இறக்கி இந்தியக் கொடி ஏற்றினார்கள், அவர் ஒரு கையெழுத்துப் போட்டு பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார், அந்தக் கையெழுத்தின் கோடியில் நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவனிடம் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. தம்பி, உனக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா, என் பிள்ளையைப் பார்த்துக்கோ என்று கையிலிருந்ததைப் போட்டேன். பிள்ளை முழுசாகத் திரும்பி வந்தான். அப்புறம் நான் விடுவேனா? மூட்டு வலிக்கு உப்பு, இவருடைய கண் ஆபரேஷனுக்கு உப்பு, தெனி ஒரு ஜெர்மன் பெண்ணைக் காதலிக்கிறேன் என்றபோது இரண்டு கை உப்பு. இன்றைக்கு நேரே போய்ப் போட வேண்டியதுதானே, ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்? அந்த நாலு எட்டுதான். அந்த டிங்தான். போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எழுந்தபோது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் கிறீச்சுச் சத்தம் கேட்டது.

"போன்ழூர் மதாம்!"

கெஸ்லர் ஐயா. ஜெர்மன் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர், இரண்டு நாட்டு ஆட்களும் சேர்ந்து இந்தக் கல்லறைகளைக் கவனித்துக்கொள்கிற ஒரு குழுவில் இருக்கிறார். உயரமான மனிதர், காதில் முடி. அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிடக் கொஞ்சம் மோசம், அதனால் அவரோடு பேச எனக்குத் தைரியம். வண்டியில் கறுப்பு மண், ஒரு பை புல் விதை, சின்னச் சின்னத் தொட்டியில் ஊதாப்பூச் செடிகள். எழுந்த நான் போனோடு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"புது மண் கொண்டு வந்தது," என்றார். "இந்த வருஷம் புல் வரும். வரலேன்னா நான் விட்டுடறது. இது கடைசி."

"எங்க, மெஸ்யே?"

"இங்கதான். நம்ம பையன்கிட்ட." சிலுவையைக் காட்டினார். "பாக்கலையா மதாம்? மேடு முழுக்க புல்லு. இவனைச் சுத்தி மட்டும் மொட்டை. நாலு தரம் நான் வெதச்சது, நாலு தரமும் செத்துப்போச்சு. ரோஜா வெச்சது, கருகிப்போச்சு. சிலுவை அடியில துருவைப் பாத்தீங்களா? சொத்தைப் பல்லு!"

பார்த்தேன். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அடியில் வட்டமாக மண் வெளுத்துக் கிடக்கும், சிலுவை நிற்கிற இடமென்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஊரில் கொடிமரத்தடியில் எங்கே புல் இருந்தது? அங்கே சிமெண்ட். ஐயோ பெலிசித்தே. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து பழைய மண்ணைக் கரண்டியால் வெட்டி வெட்டி எடுக்கிறார், பேசிக்கொண்டே எடுக்கிறார். போன வருஷம் ஒரு டப்பாவில் மண்ணைப் போட்டுச் சோதனைக்கு அனுப்பினாராம். பதில் வந்ததாம். "உப்பு, மதாம்! இந்த மண்ணுல முட்டைக்கோஸ் ஊறப்போடலாம், அவ்வளவு உப்பு. கடல் எங்க, மேடு எங்க? குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடறாங்க, ஆனா ரோடு கீழ இருக்குது. நாய் மூத்திரம்னு என் மனைவி சொல்றது. எந்த நாய்? யானையா?" ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்து படம் எடுத்துப் போனாளாம், பெயர் தெரியாத வீரனுக்காக ஒரு தாய் அழுத கண்ணீர் அந்த மண்ணில் இன்னும் காயவில்லை என்று எழுதினாளாம். "நான் பல் டாக்டர். நாப்பது வருஷம் அழுத வாயெல்லாம் பாத்தது. கண்ணீர்ல இவ்வளவு உப்பு கிடையாது," என்று மூக்கை உறிஞ்சினார். சிரிப்பு வந்தது எனக்கு, பயமாகவும் இருந்தது, கோட்டுப் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், அது தானாக எகிறி வெளியே வந்துவிடுமோ என்று.

இப்போது நான் என்ன செய்வேன்? அவர் நட்டு முடித்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்து, போன பிறகு அந்தப் புது மண்ணின் மேல், அந்த ஊதாப்பூவின் மேல் உப்பைப் போடுவதா? கை வராது. அவர் முதுகைப் பார்க்கிறேன், சட்டைக்குள் முதுகெலும்பு தெரிகிறது, பாவம், வளைய முடியாமல் வளைகிறார். போடாமல் போவதா? துடிப்பு இறங்கி இறங்கி ஏறுகிறதாமே. போனைப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்கிறேன், மூன்றாம் மாடி ஜன்னல்களில் வெயில் அடிக்கிறது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும், இது பெரிய ஆஸ்பத்திரி, எத்தனை மிஷின், எத்தனை டாக்டர், அந்தக் காலமா இது. அந்தக் காலம். வேண்டாம் என்றால் நிற்குமா, வருகிறது. எனக்கு முதல் பிரசவம் புதுச்சேரியில், இவர் அப்போது ஆப்பிரிக்காவில், ஜிபூத்தியில் பட்டாளத்தில். வெளியே மழை, டெட்டால் வாசனை, சுவரில் ஒரு பல்லி, அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். துடிப்பு குறையுது என்று அன்றைக்கும் ஒருத்தி சொன்னாள். பெண் குழந்தை. அழுதாள், ஒரு தரம் நன்றாகவே அழுதாள், என் காதால் கேட்டேன், நிறைய முடி, இவருடைய நெற்றி. விடிவதற்குள் போய்விட்டாள். தகப்பன் வந்து பெயர் வைக்கட்டும் என்று எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள், நானும் சரி என்றிருந்தேன், நர்ஸ் அவசரமாகத் தலையில் தண்ணீர் விட்டு செபித்தபோதுகூட ஒரு பெயரைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. என் அண்ணன் மடியில் வைத்து சைக்கிள் ரிக்ஷாவில் கொண்டுபோய் உப்பளம் கல்லறையில் வைத்துவிட்டு வந்தான். வெள்ளையடித்த ஒரு சின்ன மேடு, ஒரு குட்டிச் சிலுவை. அதில் எழுத ஒன்றும் இல்லை. கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்பேன். பாப்பா என்பேன். ஊரெல்லாம் பாப்பா. அவளை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்து, பெயரில்லாத இன்னொருத்தன் பக்கத்தில் போய் நான் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இவருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை, காரை எடுத்து இங்கே கொண்டுவந்து விடுகிறார், அவ்வளவுதான். தெனி பிறந்ததும், குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் தெனி தெனி தெனி என்று நான் கத்தினேனாம், டாக்டர் பயந்துவிட்டாராம். இப்போது இந்தப் பிள்ளைகளைக் கேட்டால், முகத்தைப் பார்த்த பிறகுதான் பெயர் வைப்போம் என்கிறார்கள். ஸ்வென்யாவுக்கு ஃப்ரீடா பிடிக்குமாம், தெனிக்கு வேறு என்னவோ, சண்டை போட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள். சிரிக்கட்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கெஸ்லர் ஐயா கையைத் தட்டிக்கொண்டு வந்து பெஞ்சின் மறு கோடியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிலுவையைச் சுற்றிக் கறுப்பாக, ஈரமாக, அழகாகத்தான் இருக்கிறது புது மண். ஊதாப்பூ காற்றில் ஆடுகிறது. அவர் பையிலிருந்து ரொட்டி, ஒரு துணியில் சுற்றிய அவித்த முட்டைகள். என்னிடம் ஒன்று நீட்டினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது, பசித்தது, பசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. வாங்கிக்கொண்டேன். பெஞ்சின் விளிம்பில் தட்டி உரித்தோம். அவர் பைக்குள் துழாவினார், மறுபடி துழாவினார், கோட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உப்பு மறந்துட்டா," என்றார், மனைவியைச் சொல்கிறார். "உப்பில்லாம முட்டை எப்படி தின்றது?"

என் கை என்னைக் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தர் உப்புக் கேட்டால் எடுத்துக் கொடுத்தே பழகிய கை. பொட்டலத்தைப் பிரித்துப் பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தது. வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவர் பார்த்தார். சாம்பல் நிறக் கல் உப்பு, நடுநடுவே கறுப்பு மிளகு, சமையலறையில் வைத்திருக்கிற உப்பு இல்லை என்று யாருக்கும் தெரியும். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வாய்க்குள் விளக்கைப் பிடித்து வலிக்கிற பல்லைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி தலையை மெதுவாக ஆட்டினார்.

"ஆ, ஸோ," என்றார் ஜெர்மனில், அப்படியா சங்கதி என்பதுபோல.

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. "வேண்டுதல், மெஸ்யே. எங்க ஊர்ல இப்படித்தான். புல்லு சாகும்னு எனக்குத் தோணவே இல்ல."

"எவ்வளவு நாளா?"

"என் புள்ள சண்டைக்குப் போன வருஷத்துலேர்ந்து."

"வந்துட்டானா?"

"வந்துட்டான். இன்னிக்கு அப்பாவாகப் போறான். அதோ, அந்த வெள்ளை ஆஸ்பத்திரி." போனைத் திருப்பிப் பார்த்தேன். "ரொம்ப நேரமா போன் வரல."

அவர் வெள்ளைக் கட்டடத்தின் பக்கம் திரும்பினார். எழுந்து போய்விடுவார், குழுவில் சொல்லுவார், இந்தக் கறுப்புப் பொம்பளை என்று ஏதாவது எழுதுவார்கள் என்றெல்லாம் ஓடியது. அவர் மண்வெட்டுக் கரண்டியை எடுத்துப் பிடியைச் சட்டையில் துடைத்துவிட்டு, நாலு மிளகைப் பெஞ்சுப் பலகையில் வைத்து நச்சென்று இடித்தார். உப்புக் கல்லை விரலால் நசுக்கினார். இரண்டையும் கலந்து முதலில் என் முட்டையின் மேல் தூவினார், பிறகு தன்னுடையதின் மேல். "அப்ப சாப்பிடணும் மதாம்," என்றார். "நானும் வேண்டிக்கறது."

கடித்தேன். மிளகு மூக்கில் ஏறியது. என்ன ருசி, கடவுளே, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு முட்டை நான் தின்றதில்லை. உடனே நெஞ்சு திடுக்கென்றது. காணிக்கையைத் தின்றுவிட்டேனே. அவனுக்கென்று கொண்டுவந்ததை, அவன் எதிரிலேயே, வழித்துத் தின்கிறேனே, அங்கே துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது. துப்பிவிடலாமா? விழுங்கிவிட்டேன். அந்தோணியாரே, அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், இல்லையா, அவனும் பசியோடுதானே ஏறி வந்திருப்பான், ஆகஸ்ட் வெயிலில், கீழேயிருந்தோ மேலேயிருந்தோ, பையில் ஒரு காய்ந்த ரொட்டியோடு, யாராவது உப்பு வைத்திருக்கிறாயா என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டிருக்க மாட்டானா, யாராவது கொடுத்திருக்க மாட்டார்களா.

போன் அடித்தது.

எழுந்துவிடாதே பெலி, எழுந்தால் ஜெர்மனி. ஒரு கையால் பெஞ்சின் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் காதில் வைத்தேன். தெனி அழுகிறான். அழுகிறானே, ஏன் அழுகிறான், பல்லி, மழை, டெட்டால்.

"அம்மா, பொண்ணும்மா. நல்லா இருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கத்துறா பாரு, கேக்குதா?"

கேட்டது. கீச்சென்று, கோபமாக, விடாமல்.

"பேரு?" என்றேன்.

"மெதுவா வெப்போம்மா. இப்பதான மூஞ்சியே பாத்திருக்கோம்..."

"இப்ப வையி!" கத்திவிட்டேன், சரிவில் பட்டம் விட்ட பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. "எந்தப் பேரா இருந்தாலும் சரி. அவ பாஷையோ நம்ம பாஷையோ. உடனே வெச்சிக் கூப்புடுடா. எனக்குக் கேக்கணும்."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவேளை கஸ்பார் பக்கத்தில் நின்றிருந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். போனுக்குள் முணுமுணுப்பு, ஸ்வென்யாவின் களைத்த குரல், ஒரு சிரிப்பு, பிறகு குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் குனிந்து என் பிள்ளை கூப்பிட்டான். "லியொனி. லியொனி." இன்னொரு தரம் என்று நான் கேட்டேன். கூப்பிட்டான்.

கெஸ்லர் ஐயா மெல்லுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லியொனி," என்றேன். "லியொனி," என்று அவரும் சொல்லிப் பார்த்தார், அவர் வாயிலும் அது அதே பெயராகத்தான் இருந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பெரிதாகச் சிந்தினார். இன்னொரு முட்டையைப் பெஞ்சில் தட்டினார். "மதாம், கொஞ்சம் உப்பு இருக்குமா?"

பொட்டலத்தை அப்படியே அவர் உள்ளங்கையில் கவிழ்த்தேன். எழுந்து நாலு எட்டு நடந்தேன். டிங். ஜெர்மனி என்னை வரவேற்றது. புது மண்ணில் கால் படாமல் ஓரமாக நின்று, குனிந்து, துருப்பிடித்த இரும்பைத் தொட்டேன், வெயிலில் சூடாக இருந்தது.

"தம்பி, இன்னிக்கு வெறுங்கையோடதான் வந்திருக்கேன்," என்றேன். "பேரு லியொனி."